காதைக் குறை சொல்வதற்கு முன்

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இப்போது ஒரு பேச்சு தவறாமல் வருகிறது. "பாட்டுக் கேட்கவே பிடிக்கவில்லை. சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை. காது போய்விட்டது." சொல்லிவிட்டு ரேடியோவையும் டேப் ரிக்கார்டரையும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். அதற்கப்புறம் வீட்டில் தொலைக்காட்சிச் சீரியலின் இரைச்சல் மட்டுந்தான்.

எழுபதுக்கு மேல் காது மங்குவது உண்மை. எனக்கும் மங்கியிருக்கிறது. ஆனால் கடந்த மூன்று வருஷங்களில் என் வீட்டிலும் ஐந்தாறு நண்பர்கள் வீட்டிலும் ஸ்ட்ரீமர் என்கிற கருவியை மாட்டிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. காதின் கணக்கில் நாம் எழுதிவைக்கும் குறையில் பாதிக்குமேல் சாக்கெட்டிலும் சுவரிலும் செல்போன் செட்டிங்கிலும் இருக்கிறது. அதைச் சரிசெய்யப் பெரிய செலவு இல்லை. நான் மின்னணு படித்தவன் இல்லை. நாற்பது வருஷம் கோப்பு எழுதிய குமாஸ்தா. எதையும் வரிசையாகப் பார்த்துக் குறித்து வைக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே தருகிறேன்.

தூத்துக்குடியில் பாட்டுக் கேட்பது என்றால் ஒரு காலத்தில் இலங்கை வானொலிதான். துறைமுகம் 1974 ஜூலையில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த வருஷம் மாற்றலாகி நான் இந்த ஊருக்கு வந்தேன். காலையில் தெருவில் நடந்தால் 'பொங்கும் பூம்புனல்' வீட்டுக்கு வீடு தொடரும். ஒரு பாட்டை விடாமல் கேட்டபடியே பஸ் நிறுத்தம் வரை போய்விடலாம். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் பெயரைச் சொந்தக்காரர் பெயர் மாதிரி சொல்வார்கள். கொழும்பு இங்கே அவ்வளவு தெளிவாகக் கேட்டதற்குக் காரணம் கடல். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் மீடியம் வேவ் அலை தரைமேல் போவதைவிடக் கடல்மேல் போகும்போது குறைவாகத் தேய்ந்து அதிக தூரம் போகும். நடுவில் மன்னார் வளைகுடா மட்டுமே இருந்த நமக்கு அது வாய்ப்பாகிவிட்டது. பிற்காலத்தில் ஆகாசவாணியும் இதே தூத்துக்குடியில் 200 கிலோவாட் மீடியம் வேவ் ஒலிபரப்பியை நிறுவி, இங்கிருந்து இலங்கைக்குக் கேட்கும்படி செய்தது.

பாட்டுக்குக் குறைவில்லாத சீமை இது. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் காலமானது நம் மாவட்டத்து எட்டயபுரத்தில். அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-ல் அச்சானதும் அங்கேதான். நாதஸ்வரத்துக்குக் காருகுறிச்சி அருணாசலம். அவர் 1964-ல் மறைந்தார். இவர்கள் இசையெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்றால், இணையத்தில் இருக்கிறது. இசைத்தட்டு, கேசட், சி.டி. என்று வாங்கிச் சேர்த்த காலம் முடிந்தது. இணையத்தில் இருப்பதை வீட்டு ஸ்பீக்கருக்குக் கொண்டுவருவதுதான் ஸ்ட்ரீமரின் வேலை. வீம், புளூசவுண்ட் என்று பல கம்பெனிகள் செய்கின்றன. ராஸ்பெரி பை என்கிற சின்னக் கணினிப் பலகையில் தாங்களே செய்துகொள்கிறவர்களும் உண்டு. என்னிடம் இருப்பது உள்ளங்கை அளவுதான். பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன் வாங்கித் தந்தது.

"செல்போனிலேயே புளூடூத் இருக்கிறதே, இது எதற்கு?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். துறைமுக ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். புளூடூத்தில் சரக்கு முழுவதும் செல்போன் வழியாகப் போகிறது. போன் அதை ஒரு தடவை பிரித்து, மறுபடி சுருக்கி மூட்டை கட்டி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அந்த இரண்டாவது மூட்டையில் கொஞ்சம் சரக்கு சிந்தும். நடுவில் போன் அடித்தால் பாட்டு நின்றுவிடும். ஸ்ட்ரீமரில் போன் வெறும் டெலிவரி ஆர்டர் கொடுக்கிறது. சரக்கைக் கிடங்கிலிருந்து ஸ்ட்ரீமர் நேரே எடுத்துக்கொள்கிறது. போனை நீங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போனாலும் பாட்டு ஓடும். இது பாட்டுச் சேவையையும் கருவியையும் பொறுத்தது என்றாலும் பெரும்பாலும் இப்படித்தான்.

இனி மாட்டுகிற கதை. கருவியோடு வந்த விளக்கப் புத்தகத்தில் பத்துப் பன்னிரண்டு மொழி இருந்தது, தமிழ் இல்லை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். என்னைவிட வேகமாக ஆங்கிலம் படிக்கிற பேரன் பக்கத்தில் இருந்தும், நான் பிரெஞ்சுப் பக்கத்தைத்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் ஒரு சௌகரியம். உள்ளே போகும் சாக்கெட்டுக்கு 'ஆந்த்ரே', வெளியே வருவதற்கு 'ஸோர்த்தி' என்று போட்டிருக்கும். பள்ளிக்கூடத்துக் கதவிலும் சினிமாக் கொட்டகைக் கதவிலும் சின்ன வயதில் பார்த்த அதே சொற்கள். ஸ்ட்ரீமரின் ஸோர்த்தியிலிருந்து ஆம்ப்ளிபயரின் ஆந்த்ரேக்கு. வெளிவாசலிலிருந்து உள்வாசலுக்கு. அவ்வளவுதான் வயரிங் சாஸ்திரம். தபாலில் இன்வர்ட், அவுட்வர்ட் பதிவேடு பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

பழைய ஆம்ப்ளிபயரின் பின்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக ஆறேழு ஜோடி ஓட்டைகள் இருக்கும். ஆக்ஸ், டியூனர், சி.டி., டேப் பிளே என்று எழுதியிருப்பதில் எதில் வேண்டுமானாலும் ஸ்ட்ரீமரைச் செருகலாம். எல்லாம் ஒரே தரம். 'ஃபோனோ' என்று எழுதியதில் மட்டும் செருகக் கூடாது. அது இசைத்தட்டு முள்ளிலிருந்து வரும் நாலைந்து மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது. ஸ்ட்ரீமர் தருவதோ இரண்டு வோல்ட் வரை. சுமார் நானூறு மடங்கு. அதோடு ஃபோனோ வாசல் தாழ்ந்த சுருதிகளை ஏற்றி, உயர்ந்த சுருதிகளை இறக்கும். இசைத்தட்டில் அதை எதிர்மாறாகப் பதிந்திருப்பதால் அதற்கு அது தேவை. நமக்கு வருவது டிரம்முக்குள் பாடுகிற மாதிரி கரகரப்பு. ஒரு நண்பர் வீட்டில் ஆறு மாதமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. "புதுக் கருவி எல்லாமே இப்படித்தான்" என்று தீர்ப்பும் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு பிளக்கை நாலு அங்குலம் தள்ளிச் செருகியதும் சரியாகிவிட்டது. 'டேப் ரெக்' என்றிருப்பது வெளிவாசல். அதில் செருகினால் சத்தமே வராது. மிகப் பழைய செட்டுகளில் ஐந்து துளை கொண்ட வட்டச் சாக்கெட் இருக்கும். அதற்கு மாற்று வயர் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும்.

ஆம்ப்ளிபயரே இல்லாதவர்கள், மின்சாரம் ஏற்றி ஓடும் ஸ்பீக்கர் ஜோடி வாங்கினால் போதும். புதுத் தொலைக்காட்சி ஸ்பீக்கர்களில் 'ஆப்டிக்கல்' என்று ஒரு சதுர வாசல் இருக்கும். அதில் போவது வெளிச்சம். கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டுச் செருக வேண்டும். பாட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் விடாமல் வந்தால், பெரும்பாலும் அது கேபிள் டிவி வயரும் வீட்டு எர்த்தும் சேர்ந்து செய்கிற வேலை. செட்-டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் குற்றவாளி அதுதான். வெளிச்சக் கேபிள் வழியாக மின்சாரம் போகாது என்பதால், அதை மாட்டினாலும் பெரும்பாலும் நின்றுவிடும்.

அடுத்தது சத்தத்தின் அளவு. போனில் பாதி, ஸ்ட்ரீமரில் பாதி, ஆம்ப்ளிபயரில் முழுசு என்று மூன்று இடத்தில் மூன்று அளவு வைத்திருப்பார்கள். அப்படி வைத்தால் ஆம்ப்ளிபயரின் சொந்த 'உஸ்' சத்தமும் பாட்டோடு ஏறும். முதலில் ஆம்ப்ளிபயரை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். பிறகு ஸ்ட்ரீமரை முழு அளவில் வையுங்கள். அதன்பின் ஆம்ப்ளிபயர் குமிழை மட்டும் திருகி வேண்டிய அளவுக்குக் கொண்டுவாருங்கள். வரிசை மாறினால் ஸ்பீக்கரும் பயப்படும், வீட்டிலிருக்கிறவர்களும் பயப்படுவார்கள். முட்டி வலியால் எழுந்து போய்க் குமிழ் திருக முடியாதவர்கள், ஆம்ப்ளிபயரை ஒரு நல்ல அளவில் நிறுத்திவிட்டுப் போனிலேயே கூட்டிக் குறைக்கலாம். இப்போதைய கருவிகளில் அதனால் காதுக்குத் தெரிகிற நஷ்டம் இல்லை.

தரம் என்று பாட்டுச் சேவைகளில் ஒரு செட்டிங் உண்டு. சி.டி.யில் ஒரு விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறார்கள். இடது, வலது என்று இரண்டு. பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட். அதாவது 1,411 கிலோபிட். பழைய எம்.பி.3 கோப்புகள் பலவும் 128 கிலோபிட்தான். பதினொன்றில் ஒரு பங்கு. 320 கிலோபிட்டுக்கு வந்துவிட்டால் என் காதுக்கு சி.டி.யோடு வித்தியாசம் தெரியவில்லை. 320-ல் ஒரு மணி நேரம் கேட்டால் 144 மெகாபைட் செலவாகும். வீட்டு இணையத்துக்கு அது கொசு. ஆனால் போனில் டேட்டா மிச்சம் பிடிக்கும் செட்டிங் வைத்திருந்தால் சேவை தானாகவே தரத்தை இறக்கிக்கொள்ளும். அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, ஒரே பழைய பாட்டு இணையத்தில் நாலைந்து பதிப்பாக இருக்கும். சிலவற்றில் புதிதாக எதிரொலி சேர்த்திருப்பார்கள். சிலவற்றில் தாளம்கூடச் சேர்த்திருப்பார்கள். ஒன்று கரகரத்தால் அடுத்ததைப் போட்டுப் பாருங்கள். நல்ல பதிப்பு கிடைத்ததும் விருப்பப் பட்டியலில் சேர்த்துவிட்டால் மறுபடி தேட வேண்டாம்.

பாட்டு நடுநடுவே நின்று நின்று வந்தால் அது வைஃபை கோளாறு. கான்கிரீட் சுவர் இரண்டு தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சோர்ந்துவிடும், 2.4 இன்னும் கொஞ்சம் தூரம் போகும். பாட்டுக்கு வேகம் அதிகம் வேண்டாம் என்பதால் 2.4 போதும். ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தால் வைஃபையை விட்டு லான் வயரை மாட்டிவிடுங்கள். சாதாரண வயரே போதும். "இந்த வயர் போட்டால் குரல் இனிக்கும்" என்று ஒரு கடைக்காரர் நாலாயிரம் ரூபாய் வயரை ஒரு நண்பரிடம் காட்டினார். இணைய வயரில் எண்கள் வருகின்றன. வந்தால் முழுசாக வரும், வராவிட்டால் பாட்டு நிற்கும். இனிப்பு அதில் வராது.

நம் ஊருக்கென்றே ஒரு வியாதி உண்டு. கொழும்பைத் தெளிவாகக் கொண்டுவந்த அதே உப்பு, பிளக்கைத் தின்கிறது. உப்பளக் காற்றுப் படுகிற வீடுகளில் ஒரே வருஷத்தில் பிளக் முனையிலும் ஸ்பீக்கர் வயரின் செம்பிலும் பச்சைக் களிம்பு ஏறிவிடும். ஒரு பக்கம் சத்தம் குறைந்தும், விட்டுவிட்டும், பொரிகிற மாதிரியும் வரும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைப்போம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பிளக்கையும் உருவி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, உலர்ந்தபின் இரண்டு மூன்று தடவை செருகி எடுங்கள். செப்புக் குடத்துக்குப் புளி போடுகிற கைவைத்தியம் இங்கே கூடாது. புளி ஈரத்தையும் அமிலத்தையும் உள்ளே விட்டுவிடும். ஸ்பீக்கர் வயரின் முனை கறுத்திருந்தால் ஒரு அங்குலம் வெட்டிப் புதுச் செம்பைச் சீவி மாட்டுங்கள். வருஷம் இருமுறை, பொங்கலுக்கும் பனிமய மாதா திருவிழாவுக்கும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

இவ்வளவும் சரியாக இருந்தும் வார்த்தை புரியவில்லை என்றால், அறையைப் பார்க்க வேண்டும். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று ஒலி மிதந்தால், பாடகரின் ஒவ்வொரு சொல்லும் அப்படித்தான் மிதந்து அடுத்த சொல்லின்மேல் விழுகிறது. ஜன்னலுக்குக் கனமான திரை, தரையில் தடித்த ஜமுக்காளம், சுவரோரம் புத்தக அலமாரி: இவை அதைக் குடித்துவிடும். மெல்லிய கோரைப்பாய் அவ்வளவாக உதவாது. ஸ்பீக்கரை ஷோகேஸுக்குள்ளும் பீரோ மேலும் வைக்காதீர்கள். மூலையிலிருந்து விலக்கி, உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில், இரண்டுக்கும் நடுவே ஆறடி விட்டு, அதே ஆறடியில் நாற்காலியைப் போடுங்கள். மின்விசிறியும் ஒரு பாட்டு நேரம் மெதுவாக ஓடட்டும். ஐந்தாம் எண்ணில் சுற்றும் விசிறிக்குப் போட்டியாகத்தான் பல வீடுகளில் பாட்டை ஏற்றி வைக்கிறார்கள்.

எல்லாம் சரியா என்று பார்க்க நான் வைத்திருக்கும் பாட்டு, 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி காருகுறிச்சியாரின் நாதஸ்வரத்தோடு பாடியது. அந்தக் காலப் பதிவு மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றே வரும். ஆகவே குரலும் நாதஸ்வரமும் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கேட்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் பேலன்ஸ் குமிழையோ களிம்பையோ பாருங்கள். எங்கே என்று சொல்ல முடியாமல் அறை முழுக்கப் பரவி, அடிச் சுருதியும் மெலிந்திருந்தால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றிச் சொருகினால் பாடுகிறவர் நடுவில் வந்து நிற்பார்.

பக்கத்துத் தெரு நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட மூன்று வயது இளையவர். 1961-ல் இங்கே கடைசியாக அரசு நடத்திய முத்துக்குளிப்பில் அவருடைய அப்பா கடலில் இறங்கியவர். இவர் வளர்ந்தபோது முத்துக்குளிப்பு நின்றுவிட்டது, சங்கு குளித்தார். எட்டுப் பாகம் ஆழத்தில், அதாவது ஏறக்குறைய 48 அடியில், காதின்மேல் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டரை மடங்கு. சளி பிடித்த நாளிலும் இறங்கி இறங்கி இடது காது முப்பது வயதுக்குள் போய்விட்டது. வலது காதும் அறுபதுக்கு மேல் மங்கியது.

அவர் வீட்டில் பாட்டு என்றால், செல்போனை எவர்சில்வர் தம்ளருக்குள் நிறுத்தி வைப்பார்கள். சத்தம் கூடும், ஆனால் தம்ளர் தனக்குப் பிடித்த ஒன்றிரண்டு சுருதியைத்தான் கூட்டும். வார்த்தை இன்னும் குழம்பும். இரண்டு வருஷமாக அவர் அதையும் விட்டுவிட்டார். வீட்டில் பேசுவதும் குறைந்துவிட்டது. மருமகள் ஏதாவது கேட்டால் சிரித்துத் தலையாட்டுவார். கேள்வி காதில் விழவில்லை என்று மருமகளுக்கும் தெரியும். துபாயில் இருக்கும் பேத்தி போனில் அழைத்தால் போனை வாங்கி உடனே மகனிடம் கொடுத்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை அவரைக் கூட்டிவந்து, வழக்கமான நாற்காலியை ஆறடியிலிருந்து மூன்றடிக்கு இழுத்துப் போட்டேன். தூரம் பாதியானால் ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஒலி 6 டெசிபல் கூடும்; அறையின் எதிரொலி கூடாது. குமிழைத் திருகுவதைவிட இது நல்ல வழி. விசிறியை நிறுத்தினேன். ஸ்ட்ரீமரின் ஈக்வலைசரில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாலு டெசிபல் இறக்கி, 2,000 முதல் 4,000 வரை மூன்று டெசிபல் ஏற்றினேன். வயதான காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதிகளை. க, ச, ட, த, ப போன்ற எழுத்துகளின் கூர்மை இருப்பது அங்கேதான். அது போனால் உயிரெழுத்து மட்டும் மிஞ்சும். குரல் கேட்கும், சொல் கேட்காது. பாஸ் ஏற்றினால் நன்றாயிருக்கும் என்று எல்லோரும் ஏற்றுகிறார்கள். நம் வயதில் அந்த முழக்கம் இருக்கிற கொஞ்சம் எழுத்தையும் மூடிவிடும்.

ஜானகி பாட்டைப் போட்டேன். முதல் அடி முடிவதற்குள் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டு முடிகிறவரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அண்ணாச்சி, இத்தனை வருஷமும் பாதி வார்த்தைய நானா போட்டு நிரப்பியிருக்கேன் போலிருக்கு" என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை, நாதஸ்வரம் வரும்போது கையை நீட்டி, "நாயனம் இங்கன நிக்குது பாருங்க" என்று இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே காட்டினார்.

ஒரே காது வேலை செய்கிறவருக்கு நாயனம் நிற்கும் இடம் எப்படித் தெரிந்தது என்று எனக்கே சந்தேகம் வந்தது. நினைவில்தான் பாதி கேட்டிருப்பார். இருக்கட்டும். ஆனால் மிச்சமிருக்கும் காதில் இவ்வளவு இருக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத் தெரிந்தது. காது போய்விட்டது என்று அவர் முடிவுகட்டி வைத்திருந்ததால்தான் மருத்துவரிடமே போகாமல் இருந்தார். அடுத்த வாரம் மகனோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ஆடியோகிராம் எடுத்தார். முதலில் வலது காதிலிருந்து மிளகளவு குறும்பியை எடுத்தார்கள். அதிலேயே கொஞ்சம் திறந்தது. இப்போது அந்தக் காதுக்குக் கருவி போட்டிருக்கிறார். இடது காது திரும்பவில்லை, திரும்பாது. ஆனால் பேத்தி போனில் அழைத்தால் அவரே பேசுகிறார். அடுத்த அறைக்குக் கேட்கிற சத்தத்தில்தான் பேசுகிறார். மருமகள் குறை சொல்வதில்லை.

இதைப் பாட்டு சமாச்சாரமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2017-லும் 2020-லும் 2024-லும் வெளியிட்ட அறிக்கைகளில், முதுமை மறதி நோய்க்கு வழிவகுப்பவையாகவும் நம்மால் கவனித்துக்கொள்ளக் கூடியவையாகவும் சொன்ன காரணங்களில் காது மந்தமும் ஒன்று. கேட்காதவன் பேச்சைக் குறைக்கிறான், ஆட்களைக் குறைக்கிறான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் தெருக்களிலேயே பார்க்கிறோம்.

ஹெட்போனில் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு காது மந்தமானவர்கள் போன் செட்டிங்கில் அணுகல் வசதி என்கிற பகுதிக்குப் போய் 'மோனோ ஆடியோ'வைப் போட்டுவிடுங்கள். ஸ்டீரியோ பாட்டில் வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் மறுபக்கமும் இருக்கும். போட்டுவிட்டால் இரண்டும் நல்ல காதுக்கே வந்துவிடும். ஹெட்போனில் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், இருப்பதும் போய்விடும்.

எனக்குக் கிடைத்த லாபம் வேறு ஒன்று. ஸ்ட்ரீமரில் உலக வானொலிகள் வருகின்றன. ஆகாசவாணியின் பல நிலையங்களை அலைவரிசை தேடாமல், இரைச்சல் இல்லாமல் கேட்கிறேன். முற்பகலில் சில நாள் பாரிஸின் 'ஃபிப்' நிலையத்தைப் போடுகிறேன். 1971-ல் தொடங்கியது, பேச்சு குறைவு, பாட்டு அதிகம். குளிர்காலத்தில் நமக்குப் பத்தரை மணி என்றால் அவர்களுக்குக் காலை ஆறு. நடுவில் ஓர் அறிவிப்பாளர் பெண் தாழ்ந்த குரலில் நாலு வாக்கியம் சொல்வார். பள்ளிக்கூடம் விட்டு ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது; அந்த மொழியில் என்னோடு பேச இந்த ஊரில் ஆளில்லை. அந்த நாலு வாக்கியமும் இப்போது எனக்கு முழுசாகப் புரிகிறது. பாஸை இறக்கிய பிறகுதான்.

செய்ய நினைக்கிறவர்களுக்கு வரிசை இது. முதலில் விசிறியைக் குறைத்து நாற்காலியை முன்னே இழுங்கள், இதற்குக் காசில்லை. பிறகு பாஸை இறக்குங்கள். பிளக்கைத் துடையுங்கள். எந்த வாசலில் செருகியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு, கறுப்பு வயர் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வார்த்தை புரியவில்லை என்றால் ஸ்பீக்கர் கடைக்குப் போக வேண்டாம். காது மருத்துவரிடம் போங்கள். ஆடியோகிராம் எடுக்க அரைமணி நேரம் ஆகும், வலிக்காது. அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருஷம் எடுக்கிறபோது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.